பதினோராவது அழைப்பு

நான்காவது அழைப்பு முடிந்ததும் அப்பாவை நிறுத்தினேன்.

"மணி ரெண்டாகப் போகுதுப்பா. இன்னும் ஏழு பேரா?"

"ஏழு பேருதாம்மா. கண்ணு மூடப் போறோம்னா சொல்லணும் லா." ஐந்தாவது எண்ணைத் தேடிக்கொண்டே சொன்னார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்துத் தேடுவார். கண்ணாடி எதற்கு என்று கேட்டால், "தூரத்துக்கு" என்பார். தூரத்தில் அவர் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. அவருடைய திரைகள் நான்கும் மேசைமேல், இரண்டடிக்குள் இருந்தன.

அது போர்ட் கிள்ளானில் ஒரு கொள்கலன் முற்றம். மாடியில் கட்டுப்பாட்டு அறை. குளிர்சாதனம் ஒழுகும், அடியில் ஒரு பெயின்ட் வாளி. அப்பா, கமலநாதன், பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வாளியைக் காலையிலும் மாலையிலும் தாமே காலி செய்தார். அது அவர் வேலையல்ல. அவர் வேலை, வலைப்பின்னலைக் கண்காணிக்கும் மென்பொருளைக் கண்காணிப்பது. வாசல் கேமரா, எடைமேடை, கம்பியில்லா இணைப்புக் கம்பங்கள், குளிர்பெட்டிகளுக்குப் போகும் மின்சாரம் என்று முற்றத்தில் இருக்கும் ஒவ்வொன்றிடமும் அந்த மென்பொருள் நிமிடத்துக்கு நிமிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். பதில் வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு.

பச்சையை அப்பா முழுதாக நம்பியதில்லை. "பச்ச லைட்டு பொய் சொல்லாது. ஆனா தூங்கும் லா" என்பார். அதனால் நாளுக்கு இரண்டு முறை, பட்டப்பகலிலும் கையில் டார்ச்சுடன் முற்றத்தைச் சுற்றி வருவார். ஒவ்வொரு இணைப்புப் பெட்டியையும் விரல்முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். தட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. நான் படித்தவள், எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "வந்துட்டுப் போனேன்னு அதுக்குத் தெரியணும்ல?"

மென்பொருளை நிறுத்தி மறுபடி தொடங்கினால் பத்து நிமிடம் அது எதையும் பார்க்காது. இதைத்தான் அப்பா 'கண்ணு மூடறது' என்றார். கண் மூடுவதற்குமுன் பதினொரு பேருக்குத் தொலைபேசுவார். வாசல், எடைமேடை, கிடங்குகள், பழுதுபார்க்கும் கொட்டகை, கடைசியாகக் குளிர்பெட்டி முற்றம். எல்லோரிடமும் ஒரே பேச்சு. "கமலநாதன் பேசறேன். கண்ணு மூடப் போறேன். பத்து நிமிசம். நீங்க பாத்துக்குங்க." அந்தப் பத்து நிமிடமும் பதினொரு பேர் எழுந்து நடந்து தங்கள் இடத்தைத் தங்கள் கண்ணால் பார்ப்பார்கள். முடிந்ததும் மறுபடி பதினொரு அழைப்பு: "தொறந்துட்டேன்." இந்த வழக்கம் எந்தக் கையேட்டிலும் இல்லை. அவரே ஏற்படுத்திக்கொண்டது.

இராஜம்மா பதினோராவது. குளிர்பெட்டி முற்றத்தில் ஒப்பந்தக்காரரின் ஆளாக வேலை செய்தவர். ஒரு கையில் குடை, மறு கையில் எழுதும் அட்டை. பேச ஆரம்பித்தால் விடமாட்டார் என்பதால் அப்பா அவரைக் கடைசியில் வைத்திருந்தார். அவரோடு மட்டும் பேச்சு வேறுவிதமாகப் போகும்.

"சொல்லுங்கண்ணே. எத்தன நிமிசம்?"

"பத்து."

"நீங்க பத்துன்னா நான் பதினஞ்சுன்னு வெச்சுக்கறேன். போன தடவ பத்துன்னு சொல்லிட்டு என்னைய வெயில்ல சாம்பிராணியா பொகைய விட்டீங்க."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வலது காதுதான் நன்றாகக் கேட்கும். இளவயதில் ஜெனரேட்டர் கொட்டகையில் இருந்த ஆறு ஆண்டுகளில் இடது காது பாதி போய்விட்டது. சாதாரணப் பேச்சு வலது காதில். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் கைப்பேசியை இடது காதுக்கு மாற்றிக்கொள்வார். "திட்டு வாங்கறதுக்கு இந்தக் காது போதும்."

நான் அங்கே போயிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் மென்பொருளைச் செய்த நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்திருந்தது. மென்பொருளில் ஓட்டை. கடவுச்சொல் இல்லாமலே வெளியார் எவரும் உள்ளே வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தது போல் ஆட்சி செய்யலாம். திருத்தம் வந்துவிட்டது, உடனே போடுங்கள். லோரி நிறுவனங்கள் வெளியிலிருந்து பார்ப்பதற்காக அந்தத் திரை இணையத்துக்குத் திறந்தே இருந்தது. அப்பாவின் அதிகாரி திருச்செல்வம் விடுமுறையில் இருந்தார். அப்பா எனக்குத் தொலைபேசி, அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்துக் காட்டினார். "இது உன் வேலதானே பாப்பா? வந்து பக்கத்துல நில்லு. போதும்."

என் வேலைதான். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு, மற்ற நிறுவனங்களுக்குப் போய் அவர்களுடைய ஓட்டைகளைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறேன்.

வெளியார் அந்த அறைக்குள் வரக்கூடாது. வாசலில் காவல் நிற்கும் நேபாள ஜாகாவின் புத்தகத்தில், வந்த காரணம் என்ற இடத்தில் அப்பா 'ஹந்தார் மாக்கான்' என்று எழுதினார். சாப்பாடு கொண்டுவந்தவள். பொய் எழுதப் பிடிக்காது என்று முதல் நாளே சொல்லி, பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரண்டு பொட்டலம் சோறு வாங்கிவரச் செய்திருந்தார். ஒன்றை ஜாகாவுக்குக் கொடுத்தார். மற்றதைத் திறந்து நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு, "இப்ப சரியாப் போச்சு" என்று கைகழுவ எழுந்தார்.

திருத்தத்தைப் போட நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில் திரை ஒரு கேள்வி கேட்டது: இப்போது மறுதொடக்கம் செய்யவா, பிறகா? அப்பா கைப்பேசியை எடுத்தார். நான்கு பேருக்குப் பேசினார். எடைமேடைக்காரரின் மகளுடைய தேர்வு முடிவைப் பற்றி விசாரித்தார்.

எனக்கு அன்று போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. இதை எழுதிவிட வேண்டும். அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அவர் கைக்கு மேலாகக் கையை நீட்டி 'பிறகு' என்பதை அழுத்தினேன்.

"லேட்டர்னா எப்பம்மா?"

"ராத்திரி அதுவே பண்ணிக்கும்பா. இங்க பாருங்க, கீழ புது நம்பர் வந்துடுச்சு."

"அதுவேவா?"

"அதுவே."

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த நான்கு பேரையும் ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்து, "கேன்சல் லா. இன்னிக்குக் கண்ணு மூடல" என்றார். நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

இரவில் அது தானாக எதுவும் செய்துகொள்ளாது. நான் அப்படி அமைக்கவில்லை. அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை. திரையின் அடியில் வந்த புது எண், கோப்பு மாறியதற்கு அடையாளம். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பழையதுதான். புதுப் பூட்டை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, கதவில் பழைய பூட்டையே விட்டுப் போவதற்குச் சமம். இதே உவமையைச் சொல்லி மாதம் ஒரு முறை பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அந்த வகுப்பில் அப்பாவும் வருவார், பெயர் இல்லாமல். 'ஒரு மறுதொடக்கத்துக்குப் பதினொரு பேருக்குப் போன் போடுகிற ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்' என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்க நேரம் விட்டு, அடுத்த படத்துக்குப் போவேன்.

திங்கட்கிழமை காலை கூப்பிட்டார். நான் அலுவலக மின்தூக்கியில் இருந்தேன்.

"அது பண்ணிக்கிச்சா பாப்பா?"

"ஆயிருக்கும்பா."

அவருடைய சட்டைப்பை நோட்டை இப்போது நான் வைத்திருக்கிறேன். அந்தத் தேதிக்கு எதிரே நான் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் டிக் போட இடம் விட்டிருக்கிறார். டிக் இல்லை.

பதினோராம் நாள் அந்த ஓட்டை வழியாக யாரோ உள்ளே வந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. நிறுவனத்தின் கோப்புகளைப் பூட்டினார்கள். கண்காணிப்புத் திரையை அப்படியே உறைய வைத்தார்கள், எல்லாம் பச்சையாக இருந்த நிலையில். அதே நாள் காலையில் குளிர்பெட்டி முற்றத்தின் மூன்றாம் வரிசையில் மின்சாரம் போனது. இராஜம்மா காலைச் சுற்றை அப்போதுதான் முடித்திருந்தார். அடுத்த சுற்று மாலையில். இடையில் அவர் பார்ப்பது அவர் கொட்டகையிலிருந்த சிறிய திரையை. அது பச்சை காட்டியது. கிள்ளான் வெயிலில் ஆறு பெட்டிகள் நாள் முழுக்க நின்றன. அவற்றிலிருந்த இறாலை வாங்க வந்தவர்கள் திருப்பிவிட்டார்கள்.

விசாரணையில் இராஜம்மா சொன்னதை அப்பா என்னிடம் அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினார். "கண்ணு மூடறதுன்னா கமலநாதன் அண்ணே கூப்பிடுவாரு. அன்னிக்குக் கூப்பிடல. கூப்பிடலன்னா கண்ணு தொறந்திருக்குன்னுதானே அர்த்தம்? நான் எதுக்கு நடக்கணும்?" தலைமையகத்திலிருந்து வந்தவர், கண் மூடுவது என்றால் என்ன, அது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார். அறையில் சிலர் சிரித்தார்கள். என் வகுப்பில் சிரிப்பவர்களைப் போலத்தான் சிரித்திருப்பார்கள். அந்த வாரமே ஒப்பந்தக்காரர் இராஜம்மாவை நிறுத்திவிட்டார்.

பிறகு அப்பாவைக் கேட்டார்கள். திருத்தம் போட்டிருக்கிறீர்கள், மறுதொடக்கம் ஏன் செய்யவில்லை?

"மறந்துட்டேன் போஸ்."

திருச்செல்வம் அவரைவிட இருபது வயது இளையவர். அப்பா அவரைப் போஸ் என்பார். அவர் அப்பாவை அங்கிள் என்பார். ஜாகாவின் புத்தகத்தையும் பார்த்திருக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள். அதில் கேட்பதற்கு எதுவும் இல்லை.

அன்று பிற்பகல் எனக்குத் தொலைபேசினார்.

"பாப்பா, அந்த ரீஸ்டார்ட்டு, நான் மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் பேசாத. உன் வேலைக்கு இது ஆகாது. மாக்கான்னுதான் எழுதியிருக்கு."

"சரிப்பா" என்றேன்.

"ஹலோ? பாப்பா? ஹலோ?"

கைப்பேசியை இடது காதில் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கத்துவேன் என்று. மெதுவாகச் சொன்ன 'சரி' அவருக்குக் கேட்கவில்லை. அதனால் மறுபடி, உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. "சரிப்பா!" பக்கத்து மேசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆங், கேட்டுச்சு" என்றார்.

அவரை வாசலுக்கு மாற்றினார்கள். ஆரஞ்சு மேலாடை, ஒரு மின்விசிறி, வரும் கொள்கலன்களின் எண்ணைக் குறிக்கும் வேலை. லோரிக்காரர்கள், "என்ன அங்கிள், மேலேருந்து கீழ எறக்கிட்டாங்களா?" என்று கேட்பார்களாம். "கீழதான் காத்து வருது லா. மேல ஒரு வாளியும் நானும்தான்" என்பாராம். ஒருநாள் அவரை அழைத்துவரப் போனவள், சாலையின் எதிர்ப்பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, வேலை முடியும்வரை இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். லோரி இல்லாத நேரத்தில் எழுந்துபோய் கேமரா கம்பத்தை விரல்முட்டியால் தட்டினார். இரண்டு தட்டு.

தன்னைப் பற்றி அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இராஜம்மாவுக்காக. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாடிக்குப் போய் திருச்செல்வத்தின் கதவருகே நிற்பார். "ரெண்டே வரி போஸ். அன்னிக்கு ஸ்க்ரீன் தப்புக் காட்டிச்சு, அந்தம்மா மேல தப்பில்லன்னு. அது இருந்தா வேற கன்ட்ராக்டர் எடுத்துக்குவான்." திருச்செல்வம் கெட்டவர் அல்ல. "தலைமையகத்துல கேக்கணும் அங்கிள்" என்பார். ஒன்பது வெள்ளிக்கிழமைகள். இதற்கிடையில் இராஜம்மா கிள்ளானை விட்டுத் தங்கை வீட்டோடு போய், செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி தரம் பிரிக்கிறார் என்று யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

பத்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, முத்திரையுடன் கடிதம் கையில் கிடைத்தது. அன்று மாலை என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழம சும்மாதானே இருப்ப? செலாயாங் போயிட்டு வந்துடலாமா? போன்ல சொல்ற விசயமில்ல இது. நேர்ல போய் அந்தம்மா கையில குடுத்து, நான் ஒரு வார்த்த சொல்லணும்."

"வேலை இருக்குப்பா. பாக்கறேன்."

"பாரு பாரு. அவசரம் இல்ல."

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில், போர்ட் கிள்ளான் ரயில் நிலையப் படியில் உட்கார்ந்தார். எழவில்லை. மாரடைப்பு. அறுபத்திரண்டு வயது. சட்டைப்பையில் நோட்டும், பிளாஸ்டிக் உறையில் மடிக்காமல் வைத்த அந்தக் கடிதமும் தோள்பையில் டார்ச்சும் இருந்தன.

பதினாறாம் நாள் சடங்குக்குத் திருச்செல்வம் வந்திருந்தார். அம்மாவின் முன் கைகட்டி நின்று, "தங்கமான மனுஷன் ஆன்டி. இத்தன வருசத்துல ஒரே ஒரு தடவதான் மறந்தாரு" என்றார். அம்மா தலையசைத்தார். எல்லோரும் போனபிறகு அடுப்படியில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"கேஸ மூடுனியா, கேஸ மூடுனியான்னு வாசலுக்குப் போயி மூணு தடவ திரும்பி வர்ற மனுசன். அவரு மறந்தாராம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தம்ளர்களைத் துடைத்து அடுக்கினேன். பதினெட்டுத் தம்ளர்கள்.

கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். இரண்டு வரிதான் கேட்டார். மூன்று வரி கொடுத்திருக்கிறார்கள். இராஜம்மா மீது தவறில்லை என்று இரண்டு வரி. மறுதொடக்கம் செய்ய மறந்தவர் கமலநாதன் என்று ஒரு வரி. அதன் அடியில் அவருடைய கையெழுத்து. அந்த வரி பொய். சாப்பாட்டு விஷயத்தில் பொய் எழுத மறுத்து நான்கு வாய் சோறு சாப்பிட்டவர், இதில் கையெழுத்திட்டிருக்கிறார். நடந்ததை ஒரு தாளில் எழுதி, என் பெயரும் நான் செய்யும் வேலையும் குறிப்பிட்டு, அதனுடன் சேர்த்து வைத்திருக்கிறேன். அதன் பிரதி திருச்செல்வத்துக்குப் போய்விட்டது. இன்னும் பதில் இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "போயி அந்தப் பொம்பளகிட்ட குடு மொதல்ல" என்றார்.

சனிக்கிழமை செலாயாங் வந்தேன். நோட்டில் முகவரி என்று ஒரு வரிதான் இருந்தது: 'இராஜம்மா, பாசார், இஞ்சிக் கடை, பின்பக்கம்.' இஞ்சி விற்கும் கடைகள் ஒன்பது இருந்தன. எல்லாவற்றுக்கும் பின்பக்கம் இருந்தது. ஈரத் தரை, கூடைகள், பின்னோக்கி வரும் லோரிகள். ஐந்தாவது கடையில், "எந்த இராஜம்மா? இங்க மூணு இராஜம்மா இருக்காங்க" என்றார்கள்.

காருக்குத் திரும்பி அப்பாவின் கைப்பேசியை எடுத்தேன். அதற்கு நான் தினமும் மின்னேற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் கடைசியாக அழைத்த எண்களின் பட்டியலில் முதலில் நான், புதன்கிழமை. பெயர்களில் தேடினேன். பதினொரு பேருக்கும் முன்னால் எண் போட்டுச் சேமித்து வைத்திருந்தார். '11 இராஜம்மா'வை அழுத்தி வலது காதில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் யாரோ லோரியை இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா போன செய்தி அவரை எட்டவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. குரலில் சிரிப்பு இருந்தது.

"சொல்லுங்கண்ணே. எத்தன நிமிசம்?"

கை தானாகக் கைப்பேசியை இடது காதுப் பக்கம் கொண்டுபோனது. பாதியில் நிறுத்தினேன். வலது காதிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.